சுரண்டிய அட்டையும் திரும்பாத பணமும்

வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கண்ணில் படுவது லாட்டரிக் கடைகள். பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளம், கோவிந்தாபுரம், இடுக்கி எல்லையில் குமுளி என்று எங்கே இறங்கினாலும் இதே காட்சிதான். தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்தது; கேரளம் 1967-இல் தொடங்கிய அரசு லாட்டரியை இன்றுவரை நடத்துகிறது. அதனால் பம்பர் சீசனில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் தேனியிலிருந்தும் ஆட்கள் எல்லை தாண்டி வந்து சீட்டெடுப்பது வழக்கம். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு விழுந்தது வாளையாறில் விற்ற சீட்டுக்கு. எடுத்தவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நால்வர். குலுக்கல் முடிந்த சில நாட்களிலேயே ஒரு புகார் கிளம்பியது: கேரளத்தில் மொத்தமாக வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கடத்திக் கள்ளச் சந்தையில் விற்ற சீட்டு அது, பரிசைக் கொடுக்கக் கூடாது என்று. அந்தப் புகாரில் உண்மை உண்டா இல்லையா என்பதற்குள் போக வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. சீட்டு அசல், எண் சரி, குலுக்கலும் ஒழுங்காக நடந்தது. அப்படியிருந்தும் ‘இதை யாரிடம், எங்கே வாங்கினீர்கள்?’ என்ற ஒரே கேள்வி பரிசுக்கும் கைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது.

லாட்டரிப் பக்கமே போகாத ஒரு தலைமுறை அதே எல்லை ஊர்களில் இதே கேள்வியைத் தெரியாமலே தினமும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கேம் வாங்குகிற பிள்ளைகளைச் சொல்கிறேன். இன்று கேம் என்பது டிஸ்க் இல்லை. ஸ்டீம், எபிக் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருப்பவர் இறக்கிக்கொள்ளும் கோப்பு. அதற்கு இரண்டு வழி. தளத்திலேயே பணம் கட்டி வாங்கலாம். அல்லது வெளியே யாரிடமாவது ‘கீ’ வாங்கி, அதைத் தளத்தில் தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். கீ என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு வரி. தளத்தில் 3,000 ரூபாய் விலை போட்டிருக்கும் கேமின் கீ, வெளிநாட்டு மறுவிற்பனைச் சந்தையிலோ டெலிகிராம் குழுவிலோ 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கியவருக்குப் பெரும்பாலும் அது வேலையும் செய்யும். வேலை செய்யாதபோதுதான், கையில் இருப்பது ஒரு பொருளே இல்லை என்பது தெரியவரும்.

பழைய ரீசார்ஜ் அட்டையை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு பெட்டிக் கடையில் வாங்கிக் காசால் சுரண்டுவோமே, அந்த அட்டை. அதன் மதிப்பு முழுவதும் வெள்ளிப் பூச்சுக்கு அடியில் இருந்த எண்ணில் இருந்தது. சுரண்டிய அட்டையை எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுத்ததில்லை. அவர் மேல் தப்பும் இல்லை. எண்ணைப் பார்த்தவன் அதைப் பயன்படுத்திவிட்டானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேம் கீயும் கண்ணில் பட்ட நொடியிலேயே சுரண்டிய அட்டை ஆகிவிடுகிறது. விற்றவர் வைத்திருந்த பிரதியும் வாங்கியவரிடம் வந்த பிரதியும் ஒன்றே. ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று தளம் சொன்னால், பயன்படுத்தியது விற்றவரா, அவருக்கு முன்னால் விற்றவரா, வாங்கியவரேதானா என்பதை இரு தரப்பாலும் நிரூபிக்க முடியாது. ரீஃபண்ட் தகராறு எல்லாம் இந்த இருட்டில்தான் நடக்கிறது. ரீசார்ஜ் அட்டைக்கு இல்லாத ஓர் ஆபத்தும் கீக்கு உண்டு. ஏற்றிய டாக்டைமை நிறுவனம் பிடுங்கிக்கொண்டதில்லை. கேமையோ, கணக்கில் சேர்த்து ஒரு வாரம் ஆடிய பிறகும் வெளியீட்டாளர் ரத்து செய்யலாம்.

ஏன் ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டால், அந்தக் கீ மலிவாக எங்கிருந்து வந்தது என்ற கதைக்குப் போக வேண்டும். எல்லா மலிவுக் கீயும் திருட்டு என்று சொல்வது பொய். ஒன்றாகச் சேர்த்துத் தள்ளுபடியில் விற்கும் கட்டுகளை வாங்கி, வேண்டாததை விற்பவர்கள் இருக்கிறார்கள். விமர்சகர் என்று பொய் சொல்லி இலவசமாகக் கீ வாங்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். விலை குறைந்த நாட்டில் வாங்கி விலை கூடிய நாட்டில் விற்பது இன்னொரு பெரிய ஊற்று. ‘இந்த வட்டாரத்தில் செல்லாது’ என்ற பூட்டோடு வரும் கீகள் பெரும்பாலும் இந்த வகை. கடைசியாக, திருட்டுக் கார்டு. எவரோ ஒருவரின் கிரெடிட் கார்டு விவரத்தைத் திருடியவன் அதை வைத்துத் தயாரிப்பாளரின் கடையில் ஐம்பது கீ வாங்குகிறான். மறுநாளே அவற்றைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறான். திருடனுக்குப் பாதி விலையும் முழு லாபம்தானே. சில வாரம் கழித்துக் கார்டுக்காரர் வங்கியில் புகார் சொல்கிறார், வங்கி பணத்தைத் தயாரிப்பாளரிடமிருந்து திருப்பி எடுக்கிறது. சார்ஜ்பேக் என்பது இதுதான். கீயும் போய், பணமும் போய், சார்ஜ்பேக்குக்கான அபராதக் கட்டணமும் தயாரிப்பாளர் தலையில் விழுகிறது. அவர் கையில் மிச்சம் இருக்கும் ஒரே ஆயுதம் கீயை ரத்து செய்வது. அந்தக் கீ அதற்குள் தேவிகுளத்திலோ சித்தூரிலோ ஒரு பையனின் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

2015 ஜனவரியில் யுபிசாஃப்ட் நிறுவனம் ஃபார் க்ரை 4 உள்ளிட்ட தன் கேம்களின் கீகளை இப்படித்தான் கூட்டமாக ரத்து செய்தது. திருட்டுக் கார்டுகளால் ஒரிஜின் என்ற கடையில் வாங்கி, மறுவிற்பனைத் தளங்கள் வழியாகப் போன கீகள் அவை. பணம் கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டவர்களுக்கு மட்டும் நிறுவனம் கேமைத் திருப்பிக் கொடுத்தது. அது நிறுவனத்தின் தயவு, வாங்கியவரின் உரிமை இல்லை.

இன்னும் தெளிவான கணக்கு ஒன்று செக் நாட்டிலிருந்து கிடைக்கிறது. பிராக் நகரத்தின் வூப் என்ற சிறு நிறுவனம் ஃபேக்டோரியோ என்ற கேமை உருவாக்கியது. 2016-இல் அதன் கீகள் பல திருட்டுக் கார்டில் வாங்கப்பட்டு ரத்தாயின. போலந்தில் தொடங்கி ஹாங்காங்கில் பதிவான ஜி2ஏ என்ற பெரிய மறுவிற்பனைச் சந்தை 2019-இல் ஒரு சவால் விட்டது: திருட்டுக் கீ எங்களிடம் விற்றதாகத் தணிக்கையில் நிரூபணமானால், சார்ஜ்பேக்கால் ஆன நஷ்டத்தைப் போல் பத்து மடங்கு தருகிறோம். வூப் மட்டும் அந்தச் சவாலை ஏற்றுப் பட்டியலைக் கொடுத்தது. 2020 மே மாதம் ஜி2ஏ ஒப்புக்கொண்டது: 2016 மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் 198 திருட்டுக் கீகள் தன் சந்தையில் விற்றிருக்கின்றன. 39,600 டாலர் கொடுத்தது. திருட்டு நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து, நூற்றுக்கணக்கான கீகளின் பட்டியலைக் கையில் வைத்திருந்த தயாரிப்பாளருக்கே இவ்வளவு பாடு. கையில் ஒரே ஒரு கீயும், விற்றவரின் புனைபெயரும் மட்டும் வைத்திருப்பவரின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

என் வாதம் இதுதான்: மறுவிற்பனைச் சந்தையில் மிச்சமாவதாகத் தோன்றும் 1,800 ரூபாய் தள்ளுபடி இல்லை, ரீஃபண்ட் கேட்கும் உரிமையை நாம் விற்றுக்கொண்ட விலை. பணம் போன வழியாகத்தான் திரும்பி வரும். ஸ்டீமில் நேராக வாங்கினால், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், எந்தக் காரணத்துக்காகவும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியே வாங்கிய கீக்கு அந்த வழி கிடையாது என்று ஸ்டீமின் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஸ்டீமுக்குக் காசு போகவில்லை, எதைத் திருப்பும்? தயாரிப்பாளருக்கும் காசு போகவில்லை, அல்லது போய்த் திரும்பிவிட்டது. சந்தையைக் கேட்டால் ‘நாங்கள் இடம் கொடுப்பவர்கள், விற்றவரைக் கேளுங்கள்’ என்னும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இதே ஜி2ஏ ஷீல்டு என்ற பெயரில் வாங்குபவருக்கான பாதுகாப்பைத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்றது. 2017-இல் கியர்பாக்ஸ் என்ற வெளியீட்டாளர், அந்தப் பாதுகாப்பை எல்லாருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று கேட்டு, அது நடக்காமல் ஜி2ஏ-யுடனான உறவை முறித்துக்கொண்டது. சுத்தமான சரக்கு என்ற உத்தரவாதத்துக்குத் தனி விலை வைக்கும் கடையைப் பற்றி அந்த விலைப்பட்டியலே போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

அந்த 14 நாள் விதிகூடத் தானாக வந்ததில்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் முன்பு ரீஃபண்டே தராது. 2014-இல் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் அதன் மேல் வழக்குப் போட்டது. ‘எங்களுக்கு இங்கே கடை இல்லை, அமெரிக்கச் சட்டம்தான் எங்களுக்கு’ என்று வால்வ் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 ஜூனில்தான் இன்றைய ரீஃபண்ட் விதி உலகம் முழுவதும் வந்தது. 2016-இல் தீர்ப்பும் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் வந்தன. 2018-இல் கடைசி மேல்முறையீட்டுக் கதவும் அடைபட்டது. அங்கே சட்டம் ஜெயித்ததற்குக் காரணம், எதிரில் நின்றவருக்குப் பெயரும் முகவரியும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியக் கணக்குகளும் இருந்ததுதான். ஓடி ஒளிய முடியாத எதிராளியிடம்தான் ரீஃபண்ட் கேட்க முடியும்.

நம் சட்டமும் காகிதத்தில் பலவீனமானதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். எல்லைக்காரர்களுக்கு இது நல்ல வசதி. வேலந்தாவளத்தில் குடியிருந்து கோவையில் வேலை பார்ப்பவர் பாலக்காடு மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம், கோவைக்கும் போகலாம். மூணாறில் இருப்பவர் இடுக்கி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2020-இல் வந்த மின்வணிக விதிகள் இந்தியாவில் பதிவாகாமலே இந்தியருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மலையாள மண்ணில் தமிழ் பேசி வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணம் வாங்குவது இன்னொன்று. ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பாலக்காட்டு ஆணையத்தின் வாரண்டை எடுத்துக்கொண்டு யார் ஹாங்காங்குக்குப் போவது? அதுவும் 1,200 ரூபாய்க்காக? சட்டம் எல்லை தாண்டிக் கை நீட்டுகிறது. கை போய்ப் பிடிக்க அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் இதற்கு உதவும் என்று சிலர் நினைக்கலாம். உதவாது. அது பணம் கட்டி ஆடும் சூதாட்ட வகைகளைத் தடுக்க வந்தது. கீ வியாபாரம் அதன் கண்ணில் படுவதில்லை.

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே யூபிஐ-யில் பணம் அனுப்பச் சொல்வார்கள். கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை அல்லது சொன்னபடி இல்லை என்று வங்கியிடம் குறித்த காலத்துக்குள் சார்ஜ்பேக் கேட்க ஒரு வழியாவது உண்டு. யூபிஐ-யில் ரகசிய எண்ணைத் தட்டியது நாம்தான் என்பதால், அது நம் சம்மதத்தோடு நடந்த பரிமாற்றம். கணக்குக்காரருக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுத்தால் அவரைக் காப்பாற்ற ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. தானே அனுப்பிய பணத்துக்கு அந்தக் குடை விரியாது. ஏமாற்று என்று தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. நாள் கடந்தால் அந்த வாய்ப்பும் கரைந்துவிடும். கேரள லாட்டரியின் பெயரில் வாட்ஸ்அப்பில் சீட்டின் படத்தை அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் பிடித்திருப்பதும் இதே வழியைத்தான். அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுவது. பரிசு கேட்க அசல் சீட்டு கையில் இருக்க வேண்டும். படத்துக்குப் பரிசு இல்லை.

இதற்கெல்லாம் எதிர்வாதம் உண்டு. முதலாவது, பத்தில் ஒன்பது கீ வேலை செய்கிறதே, எப்போதோ ஒன்று போனால் என்ன என்பது. ஒன்பதா எட்டா என்று தெரியாவிட்டாலும், பெரும்பாலானவை வேலை செய்வது உண்மை. நூறு, இருநூறு ரூபாய்க் கேமில் இந்தக் கணக்கு சரியாகக்கூட வரலாம். போனால் போகட்டும் என்று தெரிந்தே எடுப்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் விட்டுப்போகும் ஒன்று, கீ இன்று வேலை செய்வதும் நாளை ரத்தாவதும் இரண்டும் நடக்கும் என்பது. தளத்தின் ‘சரியான கீ’ என்ற பச்சைக் குறி அந்த நிமிஷத்துக்கு மட்டும் சாட்சி. சந்தையின் புகார் காலமோ பெரும்பாலும் அந்தக் குறியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது வாதம் கனமானது. நான் காசு கொடுத்து வாங்கியதை நான் விற்கக் கூடாதா? பழைய புத்தகத்தை விற்கிறேன், பழைய வண்டியை விற்கிறேன். கேமை ஏன் விற்கக் கூடாது? பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று இதே கேள்வியோடு வால்வ் மேல் வழக்குப் போட்டது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் விற்கலாம் என்றது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. 2024-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் கூடாது என்பதையே உறுதி செய்தது. டிஜிட்டல் பிரதி தேயாது, பழசாகாது, அதனால் பழைய புத்தகம்போல் இல்லை என்பது அங்கே வைக்கப்பட்ட ஒரு காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பு முழுத் திருப்தி தரவில்லை. ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதிவிட்டு, உள்ளே ‘அனுமதி மட்டுமே’ என்று வைத்திருப்பது நேர்மையான வியாபாரம் இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் அதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டது அதனால்தான். ஆனாலும் இந்த நியாயம் மறுவிற்பனைச் சந்தைக்கு உதவாது. அங்கே விற்பவர்கள் ஆடி முடித்த கேமை விற்கவில்லை. கணக்கில் சேர்த்த கேமை விற்கவே வழியில்லை. அவர்கள் விற்பது யாரும் தொடாத புதுக் கீ. அது எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்பதுதான் மறுபடியும் கேள்வி.

மறுவிற்பனையாளர் எல்லாரும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. ஹம்பிள், ஃபனாட்டிகல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே நேராகக் கீ வாங்கி விற்பவை. அவற்றிலும் தள்ளுபடி கிடைக்கும். அங்கே கீ செல்லாவிட்டால், கேட்க ஒரு கடையும், அந்தக் கடை கேட்க ஒரு வெளியீட்டாளரும் இருக்கிறார்கள். லாட்டரிச் சீட்டின் பின்னால் ஏஜென்ட்டின் முத்திரை இருக்கிறதே, அதுபோல. ஜி2ஏ, கிங்குவின் போன்ற சந்தைகளில் அந்த முத்திரைக்கு வேலையில்லை. யாரும் வந்து கடை விரிக்கலாம்.

மூன்றாவது வாதத்துக்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். விலை கட்டுப்படியாகவில்லை. மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு போராடியபோது ஒரு நாள் கூலி 232 ரூபாய்; போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. பிறகு உயர்ந்திருக்கிறது. எவ்வளவு உயர்ந்திருந்தாலும், லயன் வீட்டுப் பிள்ளைக்கு 3,000 ரூபாய் கேம் என்பது அம்மாவின் பல நாள் கொழுந்து. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அவன் கை நீளுவதில் பேராசை எதுவும் இல்லை. ஆனால் இழந்தால் தாங்க முடியாதவனுக்குத்தான் ரீஃபண்ட் உரிமை அதிகம் தேவை. பணக்காரன் ஒரு கீ போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். லயன் வீட்டுப் பிள்ளைக்கு மலிவாக வேண்டுமானால் மலிவு வேறு வழியிலும் வரும்: ஸ்டீமின் கோடை, குளிர்காலத் தள்ளுபடிகளில் ஓராண்டு, ஈராண்டு பழைய கேம் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம், எபிக் கடை 2018 டிசம்பரில் திறந்ததிலிருந்து கேம்களை இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. புதுப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிதான் வேண்டும் என்பவருக்கு இந்தப் பதில் பிடிக்காது.

விலையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் உண்டு. ஸ்டீமில் ரூபாய் விலை வந்தது 2015 நவம்பரில். அமெரிக்க விலையை அப்படியே ரூபாயாக மாற்றாமல், இங்குள்ள வருமானத்தைப் பார்த்து ஓரளவு குறைத்துப் போடுகிறார்கள் பல தயாரிப்பாளர்கள். அர்ஜென்டினாவுக்கும் துருக்கிக்கும் இதே சலுகை இருந்தது, இன்னும் தாராளமாகவே இருந்தது. வெளிநாட்டார் முகவரியை மாற்றிக்காட்டி அந்த நாட்டு விலையில் வாங்கினார்கள். இடைத்தரகர்கள் அங்கே எடுத்து வெளியே விற்றார்கள். அந்த நாடுகளின் நாணயங்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. 2023 நவம்பர் 20 முதல் அந்த இரண்டு நாடுகளிலும் உள்ளூர் நாணய விலையை எடுத்துவிட்டு வால்வ் டாலர் விலையைக் கொண்டுவந்தது. ஒரே இரவில் பல கேம்களின் விலை அங்கே பல மடங்கானது. இந்திய ரூபாய் விலை இன்னும் இருக்கிறது. அதில் எடுத்த கீயை வெளிநாட்டில் விற்கும் கடைகளும் இருக்கின்றன.